ஒரகடத்து ராட்டினம்

கூடையை இழுக்கும்போதே இசக்கிசெல்விக்குக் கனம் தெரிந்துவிட்டது. காலை டிபன் முடிந்து மேலே வருகிற கூடை இவ்வளவு கனக்காது. கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு மூடியைத் திறந்தாள். மூன்று டப்பாக்கள் வழித்துச் சாப்பிட்டுக் காலியாக இருந்தன. நான்காவதில் இட்லி வைத்தது வைத்தபடி விறைத்துக் கிடந்தது. அதற்கடியில் வாய் முடிச்சிட்ட பாலிதீன் பைகள். உள்ளே ஒரு பருக்கை இல்லை, மஞ்சளாக வெறும் பித்தநீர். நேற்றும் இப்படித்தான் வந்தது. முந்தாநாளும். அவள் பைகளை எடுத்து வாளியில் போட்டுவிட்டு, முட்டி போட்டுக் குனிந்து, துவாரத்தின் வழியே கீழே பார்த்தாள்.

மேலிருந்து பார்க்கும்போது அறை சுற்றுவதில் பயங்கரம் ஒன்றும் தெரியாது. ஓட்டலில் மாவு அரைக்கிற கிரைண்டர்போல அவசரமே இல்லாமல் சுற்றும். ஒரு கட்டில் போகும், அடுத்து மேசை, அடுத்து மிதிக்கிற சைக்கிள், கழிப்பறைத் தடுப்பு, இன்னொரு கட்டில். ஓரங்களில் தரை சாப்பாட்டுத் தட்டின் விளிம்புபோல மேல்நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் நிற்பவர்கள் சாய்ந்து நிற்பதாக மேலே இருப்பவளுக்குத்தான் தெரியும். அவர்களுக்கு அதுதான் நேர். கலைமதியின் கட்டில் வந்தது. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்து, கட்டில் சட்டத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். கட்டில் போனது. மறுபடி வந்தது. அதே கை, அதே பிடி.

கூடையை மாட்டி அனுப்பிய மகாராஜா இன்னும் ஏணியடியில் நின்றிருந்தான். இசக்கிசெல்வியின் தம்பி. அறையின் நட்டநடுவில் தரையிலிருந்து கூரைத் துவாரம் வரை போகிற அந்த ஏணியும் அறையோடு சேர்ந்து சுற்றியது; அவள் முட்டி போட்டிருந்த இரும்பு மேடை மட்டும் அசையாமல் நின்றது.

"கலைக்கா ஒண்ணுமே சாப்பிடலையால?"

"எங்கக்கா சாப்பிடுதாவ. தண்ணி குடிச்சாலும் வந்துருது." அவன் அண்ணாந்து பார்க்காமலே பேசினான். உள்ளே இருக்கிறவர்கள் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. தலையை வெடுக்கென்று நிமிர்த்தினாலோ திருப்பினாலோ அறையே குப்புறக் கவிழ்ந்த மாதிரி இருக்குமாம். முதல் நாளே சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"சார்ட்ட சொன்னியளா?"

"சொல்லியாச்சு. சார் ஸ்பீக்கர்ல பேசுனாரு. இன்னும் ரெண்டு நாள் பொறுத்தா ஒடம்பு பழகிரும்னாரு. கலைக்காவும் சரின்னுட்டாவ."

"அவியளா சரின்னாவளா, நீங்க சொல்ல வச்சியளா?"

அவன் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து, தலை அசையாமல், தண்ணீர்க் குடத்தைச் சுமக்கிறவனைப்போல நடந்து சரிவுக்குப் போனான். அந்த நடை அவனுக்கு நன்றாகப் பழகியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வல்லக்கோட்டை போகிற பாதையில், கார் சீட் தைக்கிற கம்பெனி ஒன்று காலி செய்துவிட்டுப் போன ஷெட் அது. கேட்டில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு அது வாயில் நுழையாமல் ராட்டினம் கம்பெனி என்று வைத்துவிட்டார்கள். விண்வெளியில் மாதக்கணக்காக மிதக்கிறவர்களுக்கு எலும்பும் தசையும் இளைத்துப்போகின்றன. கப்பலையே சக்கரம்போலச் சுழலவிட்டால் உள்ளே இருப்பவர்கள் விளிம்பை நோக்கி அழுத்தப்படுவார்கள், அந்த அழுத்தம் எடையாகத் தெரியும், பூமியில் இருப்பதுபோல நிற்கலாம், நடக்கலாம். ஆனால் கப்பல் சின்னதாக இருந்தால் வேகமாகச் சுழல வேண்டும். வேகமாகச் சுழன்றால் மனிதனுக்குக் குடல் வெளியே வந்துவிடும். எந்த வேகம் வரை தாங்குவான், எவ்வளவு சீக்கிரம் பழகுவான் என்பதைத்தான் கம்பெனி கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. ஆகாயத்தில் போய்ச் சோதிப்பதற்கு ராக்கெட் வேண்டும். ஒரகடத்தில் சோதிப்பதற்கு வேலை போன ஆட்கள் இருந்தார்கள்.

சேர்ந்த அன்றைக்கு எல்லோரையும் உட்காரவைத்து விளக்கம் சொன்னவர் சங்கரநாராயணன். சோதனை முழுவதற்கும் அவர்தான் தலைவர். வெளிநாட்டில் படித்தவர், கதர்ச் சட்டை போடுகிறவர், டீ கொண்டுவந்து வைப்பவரிடம்கூட நன்றி சொல்கிறவர். "பொருட்காட்சியில மரணக் கிணறு பாத்திருப்பீங்க. பைக்குக்காரன் சுவத்துமேலயே ஓட்டறான், ஏன் விழறதில்ல? சுத்திட்டே இருக்கறதால. அவ்ளோதான் நம்ம கான்செப்ட்" என்றார். முன்வரிசையில் இருந்த கலைமதி, "அவன் நின்னா வுழுந்துடுவான் சார். நாங்க நின்னா இன்னா ஆவோம்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பதில் சொல்லவில்லை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

இசக்கிசெல்வியும் உள்ளே போகத்தான் வந்தாள். போன் கம்பெனி லைனில் இருந்து அவளை நிறுத்திவிட்டிருந்தார்கள். இங்கே ஆள் எடுக்கும்போது செய்த மருத்துவப் பரிசோதனையில், சின்ன வயதில் சீழ் வடிந்த காது காட்டிக்கொடுத்துவிட்டது. காது சரியில்லாதவர்கள் உள்ளே போக ஆக மாட்டார்களாம். மேடை வேலை கொடுத்தார்கள். சாப்பாடு இறக்கணும், கழிவு தூக்கணும், என்ன வேண்டுமென்று கேட்டுக்கொள்ளணும். மகாராஜா தேறிவிட்டான். வள்ளியூரில் ஐடிஐ முடித்து வந்த நாளிலிருந்து அவன் இந்த ரோட்டில் பார்க்காத கம்பெனி இல்லை. அப்ரண்டிஸ், டிரெய்னி, காண்ட்ராக்ட் என்று பெயர் மாறுமே தவிர நிரந்தரம் செய்கிற நேரம் நெருங்கும்போது வேலை முடிந்துவிடும். இங்கே சங்கரநாராயணன், முழுச் சோதனையையும் முடித்துக்கொண்டு வெளியே வருகிறவர்களைக் கம்பெனியிலேயே டெக்னீஷியனாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பாதியில் யார் வெளியேறினாலும் யாருக்கும் சோதனை முடிந்ததாகாது என்பதையும் அப்போதே சொன்னார். அதையும் அன்பாகத்தான் சொன்னார்.

உள்ளே போனவர்கள் நான்கு பேர். மகாராஜா, தேனிப் பக்கத்துக் கொம்பையா, கோவில்பட்டி சுகப்பிரியா, அப்புறம் கலைமதி. அவள் மணிமங்கலத்துக்காரி. ரெண்டு பெண் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஆரம்பத்தில் எல்லோரும்தான் வாந்தி எடுத்தார்கள். கலைமதி அப்போதும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்று, "இன்னா செல்வி, கீழ எங்களுக்குத் தலை சுத்துது, மேல குந்திகினு உனக்கு இன்னா சுத்துது?" என்று கேலி பேசுவாள். பந்தைத் தூக்கிப் போட்டால் அது நேரே போகாமல் வளைந்து பக்கத்துக் கட்டிலுக்குப் போவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். மற்ற மூன்று பேருக்கும் மெல்ல மெல்லத் தெளிந்தது. வளைகிற பந்தை வளைகிற இடத்தில் போய்ப் பிடிக்க அவர்கள் உடம்பு கற்றுக்கொண்டது. வேகத்தைக் கூட்டினார்கள். கலைமதி படுத்துவிட்டாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

இசக்கிசெல்வி வாளியைக் கையில் பிடித்தபடியே சங்கரநாராயணனின் அறைக்குப் போனாள். அன்றைக்குப் பெங்களூரிலிருந்து பணம் போடுகிறவர்கள் வருவதாக இருந்தது. அவர் சுவர்த் திரையில் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் ஜோதி ஓரமாக நின்றிருந்தாள்.

"உக்காருங்க செல்வி."

"சார், கலைக்காவ வெளிய கொண்டு வந்துரணும்."

"வரலாமே. யாரும் கட்டிப் போடல. ஏணி இருக்கு, மேல கதவு திறந்துதான் இருக்கு."

"தலையத் தூக்க முடியாதவங்க ஏணி எப்படி சார் ஏறுவாங்க? மிஷின நிப்பாட்டுங்க. கொஞ்ச நேரம்."

"நிறுத்தினா மத்த மூணு பேருக்கும் பழகினது போயிடும். திரும்ப முதல்லேருந்து. உங்க தம்பிக்கும் சேத்துத்தான் சொல்றேன்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவர் ரொம்ப நல்லா பண்றார் தெரியுமா? கெடுத்துடாதீங்க."

"வாந்திக்கு மாத்திரையாவது குடுக்கலாம்ல? சிஸ்டர்ட்ட இருக்கு."

ஜோதி தரையைப் பார்த்தாள்.

"மாத்திரை குடுத்தா ரிசல்ட் கெட்டுடும். நாலு பேர்ல ஒருத்தருக்குத் தாங்கலைன்னா அதுவும் நாம தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்தானே? வாந்தியும் டேட்டாதான் செல்வி."

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டுகிற சூப்பர்வைசர்களை அவளுக்குத் தெரியும். மனசுக்குள் நாலு கெட்ட வார்த்தை சொன்னால் ஆறிவிடும். இந்த மென்மையான குரலை என்ன செய்வதென்று தெரியவில்லை. வாளியை அந்த மேசைமேல், அந்தப் படங்களின்மேல் கவிழ்த்துவிடலாம்போல இருந்தது. இதோ சார் உங்க டேட்டா. கவிழ்க்கவில்லை. கழிவறையில் ஊற்றிக் கழுவினாள். கழுவக் கழுவ அவளுக்குச் சங்கரநாராயணன்மேல் இருந்த கோபம் தம்பிமேல் போனது. கலைமதியிடம் போய், ரெண்டு நாள் பொறுத்துக்கங்கக்கா என்று கெஞ்சியவன் அவனாகத்தான் இருக்கும். கெஞ்சுவதற்கு அவனைவிட நல்ல குரல் அங்கே யாருக்கும் கிடையாது. அவனை அதற்குள்ளே கொண்டுவந்து விட்டவள் யார் என்று நினைத்தபோது கோபம் போக இடமில்லாமல் அவளிடமே திரும்பி வந்தது.

மத்தியானம் விருந்தாளிகளின் கார்கள் வந்து நின்றன. கண்ணாடிச் சுவர் வைத்த கூட்ட அறையில் அவர்களுக்குக் காப்பி போனது. இசக்கிசெல்வி மேடைக்கு ஏறிப் போய்த் துவாரத்தில் குனிந்தாள்.

"கலைக்கா, கதவு தெறந்துதான் கெடக்கு, வந்துரலாம்னு சார் சொல்லுதாரு. மெதுவா ஏறி வந்துருங்க. நான் புடிச்சுக்கிடுதேன்."

கட்டில் இரண்டு மூன்று முறை வந்து போனது. அப்புறம் அதில் ஆள் இல்லை. கலைமதி தரையில் இருந்தாள். வயிற்றை இழுத்து இழுத்து, கண்ணை மூடியபடி, சரிவில் இருந்து நடுவை நோக்கி ஊர்ந்து வந்தாள். சுகப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கொம்பையா எழுந்திருக்கவே இல்லை. மகாராஜா மட்டும் குறுக்கே வந்து, "அக்கா வேண்டாம்க்கா, இவ்வளவு தாங்கிட்டிய" என்றான். கலைமதி அவன் காலைச் சுற்றிக்கொண்டு ஊர்ந்தாள்.

ஏணியைத் தொட்டதும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது மாதிரி இருந்தது. நடுவில் வெளியே இழுக்கிற வேகம் கிடையாது. கண்ணைத் திறக்காமலே ஒவ்வொரு படியாக ஏறினாள். அவள் உச்சந்தலையும், சிக்குப் பிடித்த வகிடும், ஏணியோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி மேலே வந்தன. இசக்கிசெல்வி மேடையில் குப்புறப் படுத்து இரண்டு கையையும் உள்ளே நீட்டினாள். விரலுக்கும் தலைக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்திருக்கும். "வந்துட்டியக்கா, இன்னும் ஒரு படி, கையக் குடுங்க." கையைத் தேடுவதற்காகக் கலைமதி கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள்.

அவள் முகம் போன போக்கை இசக்கிசெல்வி பார்த்தாள். உலகமே தன்மேல் கவிழ்ந்து வருவதைப் பார்க்கிற முகம். பிடித்திருந்த இரண்டு கையையும் விட்டுவிட்டு, வருகிறதைத் தடுக்கிறவள்போலக் கைகளை முன்னால் நீட்டினாள். அப்படியே பின்னால் போனாள். தாடை ஒரு படியில் இடித்த சத்தம் மேலே வரை கேட்டது. கீழே கிடந்தவளின் வாயிலிருந்து ரத்தம் வந்தது. அது நேரே வழியாமல், தரையில் வளைந்து ஓடியது.

"நிப்பாட்டுங்க!"

கட்டுப்பாட்டு மேசையில் இருந்த மோகன் காதில் அது விழுந்தது. அவன் எழுந்து நின்றான். கண்ணாடி அறையைப் பார்த்தான். உள்ளே சங்கரநாராயணன் முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். இசக்கிசெல்வி மேடையில் கிடந்த கூடைக் கொக்கியைக் கையில் அள்ளிக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"சார்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்றான் மோகன்.

"நீ கேட்டுட்டு வா."

மிஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானுக்குமேல் ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. அதைத் திறக்கிறது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. கையில் இருந்த கூடைக் கொக்கியால் ஓங்கி ஒரு போடு போட்டாள். மூடி உடைந்தது. பொத்தானை உள்ளங்கையால் அமுக்கி, அமுக்கிய கையை எடுக்காமலே நின்றாள்.

ஷெட்டுக்குள் எப்போதும் ஓர் உறுமல் இருந்துகொண்டிருந்தது என்பது அது இறங்கும்போதுதான் தெரிந்தது. அறை உடனே நிற்கவில்லை. தளர்ந்து, தளர்ந்து, பெருமூச்சுபோல ஒரு சத்தத்தோடு நின்றது. உள்ளே இருந்தவர்களுக்கு அதுதான் மோசமான நேரம். சுற்றுவதற்குப் பழகின உடம்பு நிற்பதைத் தாங்காது. எதிர்ப் பக்கமாகச் சுற்றுகிற மாதிரி இருக்கும். பக்கக் கதவு திறந்ததும் முதலில் புளித்த நாற்றம் வந்தது. அப்புறம் மகாராஜா வந்தான், சுவரைத் தடவித் தடவி, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி. அவன் பின்னால் சுகப்பிரியா குமட்டுகிற சத்தம்.

கண்ணாடி அறையில் விருந்தாளிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். சங்கரநாராயணன் வெளியே ஓடி வந்தார். முதல்முறையாக அவர் குரல் உடைந்திருந்தது. "என்ன பண்ணிட்டீங்கன்னு தெரியுதா உங்களுக்கு?"

"தெரியும் சார். நிப்பாட்டிட்டேன்."

"யாருக்கா ஒன்ன நிப்பாட்டச் சொன்னா?" மகாராஜா கத்தினான். அவளைப் பார்த்துக் கத்துவதாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்துக் கத்தினான். "எனக்குப் பழகிருச்சுக்கா. எனக்கு எல்லாம் பழகிருச்சு. இன்னும் கொஞ்ச நாள்தான. யாரு ஒன்ன..." மேலே பேச முடியாமல் முட்டி மடங்கி உட்கார்ந்து தன் கையிலேயே வாந்தி எடுத்தான். அவள் அவனிடம் போகவில்லை. அவனைத் தாண்டி உள்ளே போய்க் கலைமதியின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். நம்ம கார்லயே அனுப்பிடலாம், ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று பின்னால் யாரோ சொல்வது கேட்டது. அவள் ஒரு கையால் கலைமதியின் வாயைத் துண்டால் அழுத்திக்கொண்டு, மறு கையால் போனை எடுத்து நூற்றெட்டுக்கு அடித்தாள்.

கலைமதிக்கு நாக்கிலும் உதட்டிலும் தையல் போட்டார்கள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டே இருந்தது. பேசக்கூடிய அளவுக்கு வந்ததும் அவள் பேசிய முதல் பேச்சு இசக்கிசெல்விக்கு நன்றி சொல்வதாக இல்லை.

"மூணு நாளா வாந்தி எடுத்துகினு கெடந்தேன். ஒரு ஆளு வர்ல." தையல் இழுத்ததில் வார்த்தை நசுங்கி வந்தது. "அவன் வர்லன்னா கம்பெனிக்காரன், வர மாட்டான். உன் தம்பி வர்ல, அவனுக்கு வேலை ஓணும். நீ மேல குந்திகினு கூடைய இழுத்துகினு இருந்தியே. நீயுமா?"

கலைமதியின் வீட்டுக்காரர் அண்ணாதுரை சுவரோரம் நின்று வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

கம்பெனி அவசரப்படவில்லை. முதலில் இசக்கிசெல்வியை வேலையை விட்டு எடுத்ததாகப் போனில் செய்தி வந்தது. அப்புறம் அண்ணாதுரை போய்க் கேட்டபோது, அனுமதி இல்லாத ஓர் ஊழியர் ஆத்திரத்தில் மிஷினைத் திடீரென்று நிறுத்தியதால்தான் உங்கள் மனைவி தவறி விழுந்தார் என்று சொன்னார்கள். மிஷினால் இல்லை. சோதனையால் இல்லை. வருத்தமாக இருக்கிறது என்றார்கள். உள்ளே கேமரா இருந்ததே என்று கேட்டதற்கு, மிஷின் நின்ற வேகத்தில் பதிவும் போய்விட்டது என்று பதில். மோகன் அந்த நேரம் வேறு திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எதையும் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டான். சுகப்பிரியாவும் கொம்பையாவும் கூப்பிட்ட அன்றே போய், மிஷின் நின்ற பிறகுதான் கலைமதி விழுந்தாள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். இரண்டு பேரையும் டெக்னீஷியனாக எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. மிச்சம் மகாராஜா.

ஸ்ரீபெரும்புதூரில் அவர்கள் இருந்த ஒற்றை அறையில் அவன் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடமாடினான். குளியலறைக்குப் போகும்போது கதவு இருக்கிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் இடித்துக்கொள்வான். டம்ளரை மேசையில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைப்பான். அக்காவிடம் பேச்சே இல்லை. திங்கட்கிழமை வரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து போன் வந்ததை அவனாகச் சொல்லவில்லை. அவன் போனில் பேசியது அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

"போயி என்னல சொல்லப் போற?"

"அது என் பாடு."

"ஒனக்குத் தெரியும்லா எது மொதல்லன்னு. நீ கீழதான நின்ன?"

"எனக்குத் தெரிஞ்சத வச்சு எனக்குச் சோறு போடுவாவளாக்கா?" என்றான். "ஒனக்குக் கோவம் வந்துச்சு, நிப்பாட்டிட்ட. எனக்கும்தான் வருது. நான் எத நிப்பாட்ட?"

அவளுக்குக் கெஞ்ச வேண்டும் என்று தோன்றியபோதெல்லாம், கலைமதியிடம் இவன் கெஞ்சின குரல் ஞாபகம் வந்தது. கெஞ்சக் கூடாது. கெஞ்சித்தான் எல்லாம் இவ்வளவு தூரம் வந்தது. பாத்திரத்தைப் போட்டு உருட்டித் துலக்கினாள். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள்.

திங்கட்கிழமை ஷேர் ஆட்டோவில் அவனுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து அவளும் போனாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட் முன்னால் இறங்கியபோது அங்கே ஏற்கெனவே கூட்டம் இருந்தது. மணிமங்கலத்திலிருந்து ஒரு வேனில் வந்திருந்தார்கள். பாதையின் நடுவே, கேட்டுக்கு நேராக, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதில் கலைமதி உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கிக் கறுத்திருந்தது. அவளால் இன்னும் நிற்க முடியாது. அண்ணாதுரை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். செக்யூரிட்டிக்காரர் வந்து, "ஓரமா போட்டு உக்காரும்மா, வண்டி வரும்" என்றார்.

"வரட்டும்" என்றாள் கலைமதி. "அந்த சாரு வரட்டும். என்னிய நிக்க வெச்சிட்டு அப்பாலிக்கா போவட்டும்."

மகாராஜா அவளைப் பார்க்காமல், கேட் கம்பியைப் பிடித்து, சின்னக் கதவைத் தட்டி உள்ளே போனான்.

வெயில் ஏறியது. ரோட்டில் கார்களை அடுக்கிய டிரெய்லர்கள் போய்க்கொண்டே இருந்தன. ஷிப்ட் முடிந்த பஸ் ஒன்று வேகம் குறைத்தது; ஜன்னலெல்லாம் முகங்கள்; ஒரு பெண் போனைத் தூக்கிப் படம் எடுத்தாள்; பஸ் போய்விட்டது. இசக்கிசெல்வி கேட்டையே பார்த்து நின்றாள். இவன் அவர்கள் சொல்கிறபடி சொல்லிவிட்டு வந்தால் என்ன செய்வது என்று யோசித்தாள். அடிப்பாள். இத்தனை பேருக்கு நடுவில் வைத்து அடிப்பாள். அப்புறம் சாயங்காலம் அவனுக்குச் சோறு வைப்பாள். சோறு வைப்பாள் என்பதை நினைத்ததும் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

சின்னக் கதவு திறந்தது. மகாராஜா படியில் நின்று வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான். முகம் சிவந்திருந்தது.

"என்னல கேட்டாவ?"

"எது மொதல்லன்னு கேட்டாவ. சாரு தண்ணி குடுத்து, உக்காரவச்சு, தோள்ல கைய வச்சுக் கேட்டாரு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு."

"நீ?"

"விழுந்ததுதான் மொதல்லன்னேன். நிப்பாட்டுனது அப்பறம்னேன். திருப்பித் திருப்பிக் கேட்டாரு. திருப்பித் திருப்பி அதையே சொன்னேன்." அவன் கேட் கம்பியைத் தடவிப் பிடித்தான். "ஒனக்காகச் சொல்லல கேட்டியா. நீ சந்தோசப்படாத. பாத்தேன், சொன்னேன். வேலை போச்சு. ஊருக்குப் போயி என்னத்தப் பண்ணுவேன்னு எனக்குத் தெரியாது. நீ எங்கிட்ட பேசாத."

அவன் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். நேராகப் போவதாகத்தான் அவனுக்கு எண்ணம். கால்கள் வளைந்து, வளைந்து, கலைமதியின் நாற்காலி இருக்கிற பக்கமாகக் கொண்டுவந்துவிட்டன. நாற்காலிக் கையைப் பிடிக்கப் போனவன் பிடி கிடைக்காமல் கீழே உட்கார்ந்தான். கலைமதி தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்தி அவனைப் பார்த்தாள்.

"இன்னாபா. உன்னாலயும் நிக்க முடிலியா?"

அவன் உட்காரவும் முடியாமல், மெல்லச் சாய்ந்து, சூடான தார்மேல் கவிழ்ந்து படுத்தான். தார் பெயர்ந்து மண் தெரிந்த இடத்தில் வளர்ந்திருந்த புல்லை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். அண்ணாதுரை குனிந்து தூக்கப் போனார். இசக்கிசெல்வி வேண்டாமென்று கையைக் காட்டினாள்.

உள்ளே ஒரு கார் புறப்படுகிற சத்தம் கேட்டது. பெரிய கேட் தண்டவாளத்தில் உருண்டு திறந்தது. வெள்ளைக் கார் மூக்கை நீட்டி, நாற்காலியையும் கீழே கிடப்பவனையும் பார்த்து நின்றது. பின்சீட்டில் கதர்ச் சட்டை தெரிந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான். இசக்கிசெல்வி துப்பட்டாவை இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டு காருக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றாள். பானெட்டின் அனல் அவள் தொடையில் அடித்தது. ஹாரன் மறுபடியும், இந்த முறை கையை எடுக்காமல், நீளமாக அடித்தது. அது ஓய்ந்த இடைவெளியில் அவளுக்குப் பின்னால் புல் வேரோடு பிய்கிற சத்தமும், இன்னொரு கொத்தைத் தேடி விரல்கள் மண்ணைப் பிறாண்டுகிற சத்தமும் கேட்டன.